இமையா விழிகளின் இரவு

மீனுக்கு இமையில்லை. இவ்வுண்மையை வகுப்பறையில் நாம் எத்தனை முறை கூறியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மகளிர் கண்ணுக்குக் கயலையும் கெண்டையையும் உவமை கூறும் பாடல் வரும்போதெல்லாம், "மீன் இமைப்பதில்லை, ஆதலின் விழிப்புக்கு அஃது ஓர் அடையாளம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். மீன் தன் முட்டைகளைப் பார்வையால் பொரிக்கும், ஆமை நினைவால் பொரிக்கும், பறவை உடற்சூட்டால் பொரிக்கும் என்பது நம் நாட்டுப் பழைய நம்பிக்கை. சைவ நூலார் இம்மூன்றையும் மூவகைத் தீக்கைக்கு உவமையாக்குவர். மீனாட்சி என்னும் பெயருக்கும் இவ்வாறே விளக்கம் தருவர். இதனையும் மாணவர்க்குச் சொல்லி அவர்தம் புன்முறுவலைப் பெற்றுக்கொள்வோம்.

இவ்வளவுக்கும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் நெய்தற் பாடல்களில் வரும் மீன்கள். சுறா, இறால், அயிரை எனப் பெயர்களை அட்டைகளில் எழுதி அகர நிரலில் அடுக்கினோம். எந்நூலில் எத்தனை இடத்தில் எம்மீன் வருகிறது என்று அட்டவணை இட்டோம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அடுக்கடுக்காக வினாத் தொடுத்தார். உயிருள்ள மீன் ஒன்றைச் சற்று நேரம் உற்று நோக்கியதுண்டா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், குழம்பில் நோக்கியதுண்டு என்றே விடை கூறியிருக்க வேண்டும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அது சூரியன் படுகின்ற நேரமா, எழுகின்ற நேரமா என்பதில் உரையாசிரியர்களிடையே வழக்குண்டு. நமக்கோ மீனை அறிமுகம் செய்தது இரண்டுமன்று. குறிஞ்சிக்கென்று தொல்காப்பியர் ஒதுக்கிய யாமம். அக்கதையைக் கூறவே இக்கட்டுரை. இலக்கியக் கட்டுரை வேண்டி நின்ற மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

நம் தாயாரைப் பற்றி முதலில் கூறவேண்டும். தாயார் என்று எழுதக் கை கூசுகிறது. உம்மா என்றே எழுதிவிடுகிறோம். உம்மா காயல்பட்டினத்தவர். கடலோசை கேட்கும் தெருவில் பிறந்து, அவ்வூர் வழக்கப்படி அதே வீட்டில் மணம் முடித்து, அங்கேயே எங்களைப் பெற்று வளர்த்தவர். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் கொடுமை மிக்கிருந்த நாள்களில், வாப்பா நோயுற்றார்கள். வீட்டில் இரண்டு இரவுகள், மருத்துவமனையில் இரண்டு இரவுகள், அவ்வளவே. ஊரடங்கில் பாளையங்கோட்டையில் அடைபட்டிருந்த நாம் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உம்மாவுக்கும் இறுதியில் அருகிருக்க வாய்க்கவில்லை. இத்தா முடிந்ததும் உம்மாவை நம் இல்லத்திற்கு அழைத்து வந்தோம்.

வந்த நாள் முதல் உம்மா இரவில் உறங்குவதில்லை. கூடத்து மரநாற்காலியில் இருளில் அமர்ந்திருப்பார்கள். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழும் நாம் குழல்விளக்கைப் போடுவோம். உம்மா கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். "ஏன் உம்மா உறங்கவில்லை?" என்போம். "வருதும்மா, நீ போய்ப் படு" என்பார்கள். ஓராண்டு முழுதும் இவ்வுரையாடலில் ஒரு சொல்லும் மாறியதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம், மாத்திரை தந்தார். ஆறு மாதங்கழித்து உம்மாவின் அலமாரியைத் துடைத்தபோது அம்மாத்திரைகள் உறை பிரியாமல் அடியில் கிடந்தன.

2022ஆம் ஆண்டு நம் மகன் எட்டாம் வகுப்பில் தேறிய மகிழ்ச்சியில் மீன்தொட்டி கேட்டான். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்தது. நகரத்துக் கடைக்காரர், மீன்கள் சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்தவை என்றார். வண்ணமீன் வளர்ப்புக்கு அவ்வூர் பெயர்பெற்றது. ஏஞ்சல் மீன் நான்கு, நியான் டெட்ரா பன்னிரண்டு, ஆரஞ்சு உடலில் கரும்பட்டையுடைய க்ளவுன் லோச் இரண்டு, பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் தாமாகவே பையில் இட்ட சக்கர் மீன் ஒன்று. ஏர் பம்பும் பில்டரும் இரவு பகலாக ஓடின. தொட்டியை வைக்கக் கூடத்தைத் தவிர வேறிடமில்லை. ஆக, உம்மாவின் நாற்காலிக்கு எதிரே அது அமைந்தது.

தொட்டி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இரவு இரண்டு மணியளவில் நாம் தொட்டி விளக்கைப் போட்டோம். கண்ட காட்சி இன்றும் நினைவிலுள்ளது. நியான் மீன்களின் நீலக்கோடு காணப்படவில்லை. பன்னிரண்டும் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. லோச் மீன்கள் இரண்டும் மணலின் மேல் ஒருக்களித்துச் செத்தவை போலக் கிடந்தன. ஏஞ்சல் ஒன்று வெருண்டோடிக் கண்ணாடியில் மோதிற்று. நீரில் நஞ்சு கலந்துவிட்டது என்றே எண்ணி, "எல்லாம் போயிற்று" என்று கணவரைக் கூவி அழைத்தோம். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"லைட்டை அணைம்மா. அதுக தூங்குது."

உம்மா அங்கேயே இருந்திருக்கிறார்கள். நாம்தான் பார்க்கவில்லை.

நம்பிக்கையில்லாமல் விளக்கை அணைத்தோம். காலையில் பன்னிரண்டு நியான்களும் நீலம் துலங்க ஓடித்திரிந்தன. லோச் இரண்டும் தீனி கேட்டு நீர்மட்டத்திற்கே வந்துவிட்டன.

நாணத்தால் நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். நாணமும் ஆய்வுக்கு ஒரு தூண்டுகோல்தான். நியானின் நீலம் சாயமன்று. தோலணுக்களிலுள்ள மெல்லிய தகடுகள் ஒளியைச் சிதறச்செய்து காட்டும் நிறம். இருளில் அத்தகடுகளின் அமைப்பு மாறுவதால் நீலம் ஊதாவாகி மங்குகிறது. லோச் மீன் ஒருக்களித்து உறங்குவது அதன் பிறவிக் குணம். புதிதாக வளர்ப்போரை அச்சுறுத்துவதில் அதற்கு இணையில்லை. மோதிய ஏஞ்சலின் கதைதான் நம்மை வருத்தியது. நமக்குக் கண்மணி ஒளிக்கேற்ப நொடியில் சுருங்கும். பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு அது சுருங்குவதில்லை, மூடிக்கொள்ள இமையுமில்லை. அதற்கு மாறாக, விழித்திரையிலுள்ள கூம்பு செல்களும் குச்சி செல்களும் நிறமியும் தாமே இடம்பெயர்ந்து பகலுக்கோ இரவுக்கோ கண்ணை ஆயத்தம் செய்கின்றன. அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். முழுமையாக மாற ஒரு மணி நேரமும் ஆகலாம். நாம் சுவிட்சைத் தட்டிய நொடியில் அம்மீனின் இரவுக்கண்ணில் பகல் முழுவதையும் கொட்டிவிட்டோம்.

மீன் உறங்குமா என்னும் வினாவும் தீர்ந்தது. வரிக்குதிரை மீன் என்பது கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளின் ஓடைகளில் வாழும் சிறுமீன்; கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. அதன் குஞ்சின் உடல் ஒளி ஊடுருவுவது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் உறங்கும் குஞ்சின் மூளையை நேரே நோக்கி, மனிதரின் ஆழ்துயிலையும் கனவுத்துயிலையும் ஒத்த இருநிலைகள் அதற்கும் உண்டென்று 2019இல் நேச்சர் இதழில் எழுதினர். விளக்கை அணைக்காமல் வைத்தால் அம்மீன் பெரிதும் உறக்கத்தை இழக்கிறது என்பதை 2007இலேயே கண்டிருந்தனர். ஆக, இமையில்லாமையை விழிப்பென்று பத்தாண்டுகளாக நாம் நடத்திய பாடம் பிழை. அப்பாடம் கேட்டுச் சென்ற மாணவர்களை இனித் தேடிப்பிடிக்க இயலாது.

பின்னர் நாமும் இரவில் தொட்டியின் முன் அமரலானோம். விளக்கின்றி அமர்வது எளிதன்று. முதற் பத்து நிமிடம் கருமை தவிர ஒன்றுமில்லை. எழுந்து போகத் தோன்றும். உம்மாவின் வேண்டுகோளின்படி மாடிப்படியருகே ஒரு ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியும். அதன் ஒளி சுவரில் பட்டுத் திரும்பிக் கூடத்தில் கசியும். அரைமணி கடந்தபின் அக்கசிவே போதுமானதாகிவிடும். முதலில் கண்ணாடி விளிம்பு புலப்படும், பிறகு இலை, பிறகு இலைக்கருகே அசைவற்று நிற்கும் ஏஞ்சலின் பிறைவடிவம். அதன் பக்கத்துடுப்பு மட்டும் மெல்ல அசையும். நியான்கள் பகலில் போலக் கூட்டமாக இரா. ஒன்றுக்கொன்று விலகி, செடிகளின் இடையில் ஆங்காங்கே தொங்கும். நாம் உறங்கும் கூடத்தில் பாய்கள் விரிந்து கிடப்பது போன்றதொரு தோற்றம். சக்கர் மீன் பகலெல்லாம் கட்டைக்கடியில் கிடந்துவிட்டு நள்ளிரவில் தொழிலுக்குக் கிளம்பும். கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டும் ஓசை, செவியைக் கூர்மையாக்கினால் கேட்கும். இவை எதிலும் வியப்பில்லை என்பார் இருக்கலாம். பகலில் நோக்கினால் எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால் எதையும் நோக்க முடிவதில்லை, அஃதொன்றே வேறுபாடு.

உம்மாவும் நாமும் அந்நேரத்தில் பேசியது குறைவு. "அந்தா, மூலையில பாரு." "ம்." இவ்வளவே. ஆயினும் "ஏன் உறங்கவில்லை" என்னும் கேள்வி எப்போதோ நின்றுபோயிருந்தது.

இதற்கிடையில் ஒரு குற்ற வழக்கு. நியான்கள் குறையத் தொடங்கின. பன்னிரண்டு, பதினொன்றாயிற்று, ஒரு வாரத்தில் ஒன்பது. பிணமும் கிடைக்கவில்லை, எலும்பும் கிடைக்கவில்லை. வீட்டிலுள்ளோர் கூடி ஆராய்ந்து, இரவில் நடமாடுவது சக்கர் ஒன்றே, தோற்றமும் கள்வனுக்குரியது, ஆதலின் குற்றவாளி அதுவே என்று முடிவு செய்தோம். நெறியாளரிடம் கற்ற ஆய்வு முறையெல்லாம் அங்கே பயன்படவில்லை. தாமிரபரணியில் விட்டுவிடலாமா என்று நாம் கேட்க, மகன் பதறினான். தென்னமெரிக்க மீனாகிய அது நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறதாம், ஆற்றில் விடக்கூடாதாம். அவன் கூறியது உண்மையே. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம் நியான்கள் ஏழு.

குறுந்தொகையில் கபிலர் பாடிய தலைவி, தலைவன் தன்னை மணந்த பொழுதில் உடனிருந்தது மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்றே என வருந்துவாள். நம் வழக்கில் சான்று நாற்காலியில் அமர்ந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, ஆதலின் சொல்லவில்லை. "கொம்பு மாதிரி செட்டை வச்சிருக்கே, அதுதான் முழுங்குது. பகல்ல சாதுவா இருக்கும். லைட்டை அணைச்சு எல்லாம் அசந்திருக்கும்போது மெல்ல வந்து முழுங்கும். விடியக்காலையிலயும்" என்றார்கள் உம்மா. பெயர் தேவதை, செயல் இது. வளர்ந்த ஏஞ்சலுடன் நியானை வைக்கலாகாது என்பது வளர்ப்போர் பலரும் அறிந்த செய்தியென்று பிறகு தெரிந்தது. "முன்னமே சொல்லியிருக்கலாமே உம்மா" என்றோம். "நீங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டீங்களே" என்றார்கள்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை மாலை, ஏஞ்சல் இணையொன்று அகன்ற இலையொன்றில் முட்டையிட்டது. கடுகினும் சிறிய மணிகள், வரிசை வரிசையாக, சில நூறு இருக்கும். அன்றிரவு நாம் கண்டதை முன்னர் எந்நூலிலும் படித்ததில்லை. பெற்றோர் இரண்டும் உறங்கவில்லை. ஒன்று இலைக்கெதிரே நின்று பக்கத்துடுப்பால் முட்டைகளின் மேல் விடாது நீரை வீசிற்று. சற்று நேரங்கழித்து மற்றொன்று வந்து இடம் மாற்றிக்கொண்டது. புதுநீர் பட்டால்தான் முட்டைக்கு உயிர்வளி கிட்டும். ஏஞ்சல் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்தார் 2010இல் தம் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் அக்குடும்பமே. பகலில் மட்டும் இயங்கி இரவில் ஓயும் சிக்லிட் மீன்கள் கூட முட்டையிட்டபின் இருளில் விசிறுகின்றன என்பதை ரீப்ஸ், கோல்கன் என்னும் இருவர் 1991இல் ஆய்ந்து வெளியிட்டுள்ளனர். இருளில் பார்வை உதவாதே எனில், மணத்தாலும் தொடுகையாலும் இடமறிகின்றனவாம். பார்வையால் பொரிக்கிறது என்ற நம் முன்னோர், அருகே அசையாது நிற்கும் மீனைக் கண்டு அவ்வாறு கூறினர் போலும். துடுப்பசைவைக் காண இன்னும் சற்று நெருங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. விடியுமுன்னரே தொடங்கிய மழை நிற்கவில்லை. அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்கள் பட்ட பாட்டை யாவரும் அறிவர். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது, திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய விரைவு வண்டியில் பல நூறு பயணிகள் தவித்தனர். நம் தெருவில் ஞாயிறு மாலை மின்சாரம் நின்றது. ஊரிலிருந்த சாச்சியின் கைப்பேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது, பிறகு அதுவுமில்லை. உம்மாவின் பிறந்த வீட்டில் நீர் எவ்வளவு, மேல்தளத்திற்கு ஏறினரா இல்லையா, ஒன்றும் அறியோம்.

இன்வெர்ட்டர் நான்கு மணி நேரம் தாங்கிற்று. இரவு பத்தரை மணிக்கு அதுவும் ஓய்ந்தது. ஜீரோ வாட் பல்பு அணைந்தது. ஏர் பம்பு நின்றது. வெளியே மழையின் பேரோசை. அவ்வோசைக்கிடையில் தொட்டியின் குமிழிச் சத்தம் நின்றதை நாம் உணரவில்லை. உம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள்.

"தண்ணிச் சத்தம் நின்னுபோச்சு. ஒரு செம்பு கொண்டா."

இரவில் நீர்ச்செடிகளும் உயிர்வளியை உட்கொள்வன, தருவனவல்ல. குமிழி நின்ற தொட்டியில் விடியலுக்கு முன்னர் உயிர்வளி மிகக் குறைந்துவிடும். மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும். உம்மா இந்த அறிவியலைப் படித்தவர் அல்லர். முட்டைகள் இருந்த இலைக்கு எதிர்மூலையில், செம்பால் நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து நூல்போல ஊற்றினார்கள். மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றினார்கள். கை ஓய்ந்ததும் செம்பு நம் கைக்கு வந்தது. கால் மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கைப்பேசி விளக்கைக் காட்டட்டுமா என்றோம், வேண்டாம் என்றார்கள்.

ஒன்றும் தெரியவில்லை. நீர் விழும் ஒலியை வைத்தே உயரத்தைக் கணித்தோம். எத்தனை மணி என்பதும் தெரியவில்லை. செம்பு நம் கையிலிருந்தபோது உம்மா பேசத் தொடங்கினார்கள். நாம் கேட்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் கரண்டு போச்சு. வாப்பாவுக்கு வாடகைக்கு மிஷின் எடுத்து வச்சிருந்தோம்ல, அதுல சின்ன பாட்டில்ல தண்ணி குமிழி போட்டுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டா மூச்சுக்குக் காத்துப் போகுதுன்னு அர்த்தம். ரெண்டு ராத்திரியும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது ராத்திரி சட்டுனு நின்னுச்சு. முக்கால் மணி நேரம் கரண்டு இல்ல. பனையோலை விசிறிய எடுத்து விசிறிக்கிட்டே இருந்தேன். விசிறினா என்ன வரப்போகுது? ஆனா விசிறினேன். 'கை வலிக்கும், விடு'ன்னாங்க. அதுதான் கடைசியாப் பேசினது. காலையில வண்டியில ஏத்தினாங்க. என்னை ஏற விடல."

நாம் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம் போலும். "ஊத்தும்மா" என்றார்கள். ஊற்றினோம்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்னும் அக்கருவியை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததே நாம்தான். வாடகைத் தொகையும் நினைவிலுண்டு. அதனுடன் நீர்க்குப்பி ஒன்று இணைந்திருக்கும், காற்று அந்நீரில் குமிழியிட்டுச் செல்லும் என்பதை அறியோம். ஓராண்டுக்கு மேலாக நம் கூடத்தில் இரவு பகலாக ஒலித்தது அதே ஓசையென்பதையும் அறியோம்.

நெடுநேரங்கழித்து, "இதை ஏன் உம்மா அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீ எப்பவும் லைட்டைப் போட்டுட்டுல்ல கேக்குற" என்றார்கள்.

திங்களன்றும் மின்சாரம் இல்லை. பகலில் மகன் ஊற்றினான். இரவில் நாங்கள் இருவரும். மழை வெக்கையைப் போக்கி நீரைக் குளிர்வித்திருந்ததால் முட்டைகள் பொரியக் காலம் நீண்டது. இணைமீன்கள் இலையை விட்டு நகரவில்லை. கைச்செம்பு மூன்றடிக்கு அப்பால் விழுந்தெழுவதை அவை பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. செவ்வாய்க் காலையில் இலையில் ஒட்டியபடி நூற்றுக்கணக்கான வால்கள் துடித்தன. அன்று நண்பகலில் சாச்சி, அயலார் கைப்பேசியிலிருந்து அழைத்தார்கள். மேல்தளத்தில் நலமாக இருந்தனர். கீழ்த்தளத்தில் கழுத்தளவு நீர். வாப்பாவின் அலமாரி நீரில் சாய்ந்துவிட்டது என்றதும் உம்மா, "மனுசங்க இருக்கீங்கள்ல" என்று மட்டும் கூறித் தொடர்பைத் துண்டித்தார்கள்.

செவ்வாய் இரவு பதினோரு மணியிருக்கும். உம்மா திடுமென, "தொட்டி லைட்டு சுவிட்ச அணைச்சு வச்சிருக்கியா?" என்றார்கள். எழுந்து தடவிப் பார்த்தோம். ஞாயிறு மாலை மின்சாரம் போனபோது எரிந்த விளக்கு. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கூடத்துக் குழல்விளக்கும் அப்படியே. இரண்டையும் அணைத்தோம். ஒரு மணி நேரம் சென்றபின் தெருவிலிருந்து ஓர் ஆரவாரம் கேட்டது, மின்விசிறி சுழன்றது, மாடிப்படியருகே ஜீரோ வாட் பல்பு மெல்லச் சிவந்தது. இலைக்கருகே பிறைவடிவம் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏர் பம்பு இருமுறை இருமிவிட்டுக் குமிழியிடத் தொடங்கிற்று.

உம்மா செம்பைக் கீழே வைத்தார்கள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, நாற்காலிக்குப் போகாமல், தொட்டியின் அடியில் வெறுந்தரையில் முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். பாய் எடுத்து வரச் சென்று திரும்புவதற்குள் உறங்கிவிட்டார்கள். எழுப்ப மனமில்லை. அவர்களுடைய நாற்காலியில் நாம் அமர்ந்து, குமிழியின் ஓசையையும் அவர்களின் மூச்சையும் கேட்டபடி விடியும் வரை இருந்தோம்.

குஞ்சுகள் என்னாயின என்று கேட்பீர்கள். இலையை விட்டு நீந்தத் தொடங்கிய நாளிலேயே பெற்றோரே அவற்றைத் தின்றுவிட்டன. முதன்முறை ஈனும் ஏஞ்சல் மீன்களிடம் இது வழக்கமாம். நாம் வருந்தினோம்; மகன் அழுதேவிட்டான். "அடுத்த தடவை பழகிக்கும்" என்றார்கள் உம்மா. மூன்றாம் முறை பிழைத்த பதினொரு குஞ்சுகளுள் நான்கு நம் துறைத்தலைவர் இல்லத்துத் தொட்டியில் வளர்ந்தன. உம்மா இப்போதும் சில இரவுகளில் கூடத்தில் அமர்வதுண்டு. எல்லா இரவும் அன்று. தண்ணீர் குடிக்க எழும் நாம் சுவரைத் தடவியே அடுக்களைக்குச் செல்கிறோம். கால்விரல் இருமுறை மேசையில் இடித்தது.

எஞ்சிய ஏழு நியான்களுக்கும் தனித்தொட்டி வாங்கியாயிற்று. சக்கர் மீனைத் திரும்பப் பெறலாம் என்று அக்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் சிரித்தார், அதை அன்றைக்கே யாரோ வாங்கிச் சென்றுவிட்டனராம்.